நெத்தலி தப்பாத வலை

மீன்வலை எப்படி வேலை செய்கிறது என்று ஆலங்குடாப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வலைக்கண்ணைவிடப் பெரிய மீன் மாட்டும், சின்ன மீன் நழுவிப் போய்விடும். பாரைக்குப் போடுகிற வலையில் நெத்தலி நிற்காது. முகத்தில் போடுகிற மாஸ்க்கும் இப்படி ஒரு வலைதான், கண் மட்டும் ரொம்பச் சின்னது என்று பெரியவர்களிலேயே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி இல்லை. நல்ல மாஸ்க்கில் பெரிய தூசும் மாட்டும், மிக மிகச் சின்னத் தூசும் மாட்டும். தப்பப் பார்ப்பது நடுவிலே இருக்கிற அளவுதான். பாரையும் நெத்தலியும் சிக்கிக்கொள்ள, இடையிலுள்ள மீன் மட்டும் நழுவுகிற வலையை யாராவது பின்னியிருக்கிறார்களா? அதை எப்படிப் பின்னினார்கள் என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். முதலில் தூசு எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டும்.

இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில், பெருங்கடலைப் பார்த்தபடி இருக்கிறது ஆலங்குடா. மீனுக்குப் போவதும், நவம்பர் முதல் மார்ச் வரை டொல்பின் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போவதும் பைபர் போட்கள்தான். பைபர் என்றால் வேறொன்றுமில்லை, கண்ணாடி. உருக்கிய கண்ணாடியை முடியைவிட மெல்லிய இழையாக இழுத்து, அதைப் பாய்போல் பரப்பி, மேலே ரெசின் ஊற்றி இறுகவைத்தால் பைபர். பக்கத்து மாம்புரியில் சுற்றும் காற்றாலைகளின் இறக்கைகளும் இதே இனப் பொருள்தான்.

போட்டைத் தினமும் மணலில் இழுத்தால் அடிப்பக்கம் தேயும், அலை அடித்தால் வெடிப்பு விழும். அதன்மேல் அப்படியே புதுப் பூச்சுப் பூசினால் ஒட்டாது. பழைய படையைக் கிரைண்டரால் அரைத்து, நல்ல படை தெரிகிறவரை எடுக்கவேண்டும். அப்போது கிளம்பும் பாருங்கள், மாப்போல வெள்ளைத் தூசு! புருவம், தலைமுடி, சாரம் எல்லாம் வெள்ளையாகிவிடும். கையெல்லாம் சொறியும். சொறிச்சலுக்குக் காரணம் நஞ்சு இல்லை. உடைந்த கண்ணாடி இழைகள் தோலில் குத்தி நிற்கின்றன, அவ்வளவுதான். அதனால்தான் சொறியச் சொறிய அது இன்னும் உள்ளே போகிறது. தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவவேண்டும். அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துக் கழுவினால் தங்கச்சியின் பள்ளி வெள்ளைச் சட்டையும் சொறியும்.

இந்த வேலை செய்கிறவர்களிடம் நீங்கள் இப்படிக் கேட்கக்கூடும்.

“நானா, மூக்கில லேஞ்சி கட்டியிருக்கிறீங்களே, காணுமா?”

“காணும் தம்பி. பாரு, லேஞ்சி எவ்வளவு வெள்ளையாப் போயிருக்கு. எல்லாத்தையும் பிடிச்சிருக்குதானே!”

நானா சொல்வதில் பாதி உண்மை. லேஞ்சி பிடித்ததுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பிடிக்காமல் விட்டது எங்கே போயிற்று?

தூசின் அளவை மைக்ரோமீற்றரில் அளப்பார்கள். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு மைக்ரோமீற்றர். தலைமுடியின் தடிப்பு சுமார் 70. நூறு மைக்ரோமீற்றர்த் தூசு நெஞ்சளவு உயரத்திலிருந்து சில விநாடிகளில் நிலத்துக்கு வந்துவிடும். பத்துக்கு மேற்பட்டதில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்ளும், சளியோடு வெளியே போகும். நாலைந்துக்குக் கீழே போனால்தான் கரைச்சல். அது நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போகும். அங்கே சளியும் இல்லை, கூட்டித் தள்ள ஆளும் இல்லை. ஒரு மைக்ரோமீற்றர்த் தூசு, காற்று அசையாத அறையில், அதே நெஞ்சளவு உயரத்திலிருந்து விழுந்து முடிக்க அரைநாள்கூட எடுக்கும். கிரைண்டரை நிறுத்தியதும் “தூசு அடங்கிட்டுது” என்று லேஞ்சியை அவிழ்க்கிறோமே, அடங்கியது பெரிய தூசு. சின்னது இன்னும் முகத்துக்கு முன்னால் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. லேஞ்சியில் நூலுக்கும் நூலுக்கும் இடையிலுள்ள சந்து இந்தத் தூசுக்கு மாட்டுவண்டி போகிற தெரு.

இப்போது அந்த அதிசய வலை. N95 என்று அச்சடித்த மாஸ்க் ஒன்றை வெட்டிப் பார்த்தால் உள்ளே மெல்லிய பஞ்சுப்படை இருக்கும். அது பின்னிய துணி இல்லை. பிளாஸ்டிக்கை உருக்கி ஊதி, கண்டபடி விழவைத்த இழைகள். இழைகளுக்கு நடுவில் சந்துகள் இருக்கின்றன, அந்தச் சந்துகள் தூசைவிடப் பெரியவைதான். ஆனாலும் தூசு சிக்குகிறது. காற்று இழையைச் சுற்றி வளைந்து போகிறது. பெரிய தூசுக்குப் பாரம் அதிகம், அதனால் அந்த வளைவில் திரும்ப முடியாமல் நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சின்னத் தூசுக்குப் பாரமே இல்லை. காற்று மூலக்கூறுகள் அதை இங்கும் அங்கும் தள்ள, வெறிபிடித்த மாதிரி நெளிந்து நெளிந்து போகிறது. அந்த நெளிவில் ஏதாவது ஓர் இழையில் முட்டாமல் இருக்காது. நடுத்தரத் தூசு மட்டும் வளைவிலும் திரும்பிவிடும், அவ்வளவாக நெளியவும் நெளியாது. அதன் அளவு சுமார் 0.3 மைக்ரோமீற்றர். மாஸ்க்கைப் பரீட்சை வைக்கிறவர்கள் அதைத்தான் தேடிப்பிடித்து அனுப்புகிறார்கள். அதில் நூற்றுக்கு 95ஐயாவது பிடித்தால் N95. மற்ற அளவுகளில் அது இன்னும் நன்றாகவே பிடிக்கும். பரீட்சைக்கு அனுப்பும் துகள் என்ன தெரியுமா? உப்பு! பாலாவி உப்பளத்தில் விளைகிற அதே சோடியம் குளோரைட்டு.

நடுத்தரத்தையும் பிடிக்க இன்னொரு தந்திரம் இருக்கிறது, மின்சாரம். பிளாஸ்டிக் அடிமட்டத்தைத் தலைமுடியில் தேய்த்துக் கடதாசித் துண்டுகளுக்குக் கிட்டக் கொண்டுபோனால் அவை தாவி ஒட்டும் அல்லவா? (ஆலங்குடாவில் கடற்காற்றின் ஈரத்தில் சிலவேளை ஒட்டாது. எண்ணெய் வைக்காத தலை ஒன்றைத் தேடிப்பிடித்துச் செய்து பாருங்கள்.) அந்தப் பஞ்சுப்படையின் இழைகளில் இப்படியான மின்னேற்றத்தைத் தங்கவைத்திருக்கிறார்கள். இதற்கு ஒரு சிறந்த முறையைக் கண்டுபிடித்தவர் தாய்வானில் பிறந்த பீட்டர் சாய். அமெரிக்காவின் டென்னசிப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தபோது கண்டுபிடித்தார், 1995இல் காப்புரிமை கிடைத்தது. மாஸ்க்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடியில் காயவிடக்கூடாது என்பது இதனால்தான். பார்வைக்குப் புதிது மாதிரி இருக்கும், ஆனால் மின்னேற்றம் போயிருக்கும்.

மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது புதுப்பழக்கம் ஒன்றுமில்லை. செந்நிறத் தாதுப்பொடி அரைக்கும் தொழிலாளர்கள் விலங்குகளின் சிறுநீர்ப்பையால் முகத்தை மூடிக்கொண்டார்கள் என்று ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னர் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி எழுதிவைத்திருக்கிறார். பாவம், கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது கப்பலில் கிட்டப் போன பிளினி, புகையில் மூச்சுத் திணறி இறந்தார். அதை எழுதிவைத்தவர் அவருடைய மருமகன்.

சரி, நானாவுக்கு N95 வாங்கிக் கொடுத்தாயிற்று. முடிந்ததா? இல்லை. காற்று சோம்பேறி. பஞ்சுப்படைக்குள் புகுந்து வருவதைவிட, கன்னத்தோரம் ஒரு சின்ன இடைவெளி கிடைத்தால் அதால்தான் வரும், தூசையும் கூட்டிக்கொண்டு வரும். மூக்குக்கு மேலுள்ள உலோகக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அமுக்கிப் படியவைக்கவேண்டும். இரண்டு பட்டிகளில் ஒன்று உச்சந்தலைக்கு, மற்றது கழுத்துக்கு. வேலைக்கு வசதி என்று கீழ்ப்பட்டியைத் தொங்கவிடுகிறவர்கள்தான் அதிகம். கண்ணாடி போடுகிற நானா மூச்சு விடும்போது கண்ணாடியில் புகார் படிந்தால், மூக்கோரம் காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம்.

தாடி வைத்திருக்கும் வாப்பாமார் என்ன செய்வது? மாஸ்க்கின் ஓரம் தோலில் படிந்தால்தான் அடைபடும். தாடிமுடிக்கு இடையில் காற்று தாராளமாகப் போகும். தாடியை எடு என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அவர்களுக்குத்தான் மோட்டர் வைத்த மாஸ்க் இருக்கிறது. இடுப்பில் பட்டரியும் சின்ன ஊதியும். ஊதி வெளிக்காற்றை வடிகட்டி வழியாக இழுத்து, குழாயால் தலைக்கு மேல் மாட்டிய முக்காட்டுக்குள் தள்ளும். சும்மா இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு ஆறேழு லீற்றர் காற்றை இழுப்பார், கடும் வேலையில் அது பல மடங்காகும். இந்த முக்காட்டுக்குள் நிமிடத்துக்குக் குறைந்தது 170 லீற்றர் வரவேண்டும் என்பது அமெரிக்க விதி. இழுப்பதைவிட வருவது அதிகமானால் மிச்சம் என்ன செய்யும்? ஓரங்களால் வெளியே போகும். உள்ளே இருந்து வெளியே காற்று ஓடும்போது வெளியே இருக்கும் தூசு உள்ளே வராது. தாடி இருந்தாலும் சரிதான். விலைதான் சாதாரண மாஸ்க்கைப் போல் இல்லை. பட்டரி இறங்கினால் பாதுகாப்பும் இறங்கிவிடும், அதனால் காலையில் காற்றோட்டத்தைச் சோதித்துவிட்டுத்தான் மாட்டவேண்டும்.

அரைத்து முடித்ததும் ரெசின் பூசுவார்கள். மூக்கைத் துளைக்கும் அந்த மணம் ஸ்டைரீன் ஆவி. ஆவி என்பது தூசு இல்லை, தனித்தனி மூலக்கூறு. N95க்கு அது பிடிபடாது. அதற்குக் கிளர்வூட்டிய கரி நிரப்பிய குப்பி வைத்த மாஸ்க் வேண்டும். கரியின் நுண்துளைகளில் ஆவி ஒட்டிக்கொள்ளும். துளைகள் நிரம்பினால் கரி முடிந்தது. மாஸ்க் போட்டும் மணம் வருகிறதென்றால் குப்பியை மாற்றும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

மூக்குக்கு இவ்வளவு சொல்லிவிட்டு, கையில் இருக்கும் கிரைண்டரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. ஆலங்குடாவுக்குப் பக்கத்திலேயே நுரைச்சோலை அனல்மின் நிலையம் இருக்கிறது. 300 மெகாவாற்றில் மூன்று அலகுகள், மொத்தம் 900. அங்கே வீடளவு பெரிய டர்பைன் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றுகிறது. நானாவின் கையிலுள்ள நாலு இஞ்சிக் கிரைண்டர் ஏறத்தாழ 11,000 தடவை!

கொப்பியை எடுங்கள். நாலு இஞ்சி டிஸ்க்கின் விட்டம் 10 சென்ரிமீற்றர், பரிதி 31.4 சென்ரிமீற்றர். அதை 11,000ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால், விளிம்பு விநாடிக்குச் சுமார் 58 மீற்றர் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல். நமது அதிவேக வீதியில் ஓடலாம் என்று விட்டிருக்கும் வேகம் 100தான். டிஸ்க்கின் முகத்தைத் திருப்பிப் பாருங்கள், 80 மீற்றர் என்று விநாடிக்கான எல்லை அச்சடித்திருக்கும். 58 அதற்குள் அடங்குகிறது, பயமில்லை.

இனி, சிலர் செய்கிற ஒரு வேலை. ஏழு இஞ்சி டிஸ்க் கையில் இருக்கிறது, வீணாக்குவானேன் என்று, கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு நாலு இஞ்சி மெஷினில் மாட்டுவார்கள். விட்டம் 18 சென்ரிமீற்றர். அதே 11,000 சுற்றில் விளிம்பின் வேகம் விநாடிக்கு 103 மீற்றரைத் தாண்டும். டிஸ்க்கைப் பிய்க்கப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே எல்லையில் இருக்கவேண்டிய இழுவையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். டிஸ்க் வெடித்தால் துண்டுகள் தொடலி வழியே பறக்கும். அந்த வழியில் நிற்கிற முகத்தை மறைக்க இருந்த தகட்டைத்தான் முதலில் கழற்றி வைத்தாயிற்றே! இப்படி மாட்டுகிறவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும் எனக்கு அவர் கெட்டிக்காரர் இல்லை.

டிஸ்க்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தை யாரும் பார்ப்பதில்லை. மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அது காலாவதித் திகதி. டிஸ்க்கில் மணிகளை ஒட்டிவைத்திருப்பது ஒருவகைப் பசை. காலம் போகப் போகவும் ஈரம் படப்படவும் அது பலம் குறையும். கடற்கரைக் கொட்டிலில் ஆணியில் தொங்கவிட்ட டிஸ்க்குக்கு இரண்டும் உண்டு. இன்னொன்று: சாரம் உடுத்திக்கொண்டு கிரைண்டர் பிடிக்கக்கூடாது. பறக்கிற சாரத்தின் நுனியை டிஸ்க் பிடித்தால் மெஷின் துணியோடு சேர்ந்து உடம்பை நோக்கித்தான் ஏறும்.

மறுபடி மூக்குக்கு வருவோம். இதுவரை சொன்னது தூசையும் ஆவியையும் பற்றி. மேலே சொன்ன எந்த வடிகட்டிக்கும் தெரியாமல் வருகிற ஒன்று மிச்சம் இருக்கிறது.

கற்பிட்டிப் பக்கத்தில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். 1344இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் வந்திறங்கி யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது, மன்னரின் முன்னால் முத்துக் குவிந்திருந்ததைப் பார்த்தார். அந்த முத்தை எடுத்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு குளித்தவர்கள். சுவாசித்தது கடலுக்கு மேலிருந்த சுத்தமான காற்று. இன்றைய சுழியோடிகள் சுவாசிப்பது கொம்பிரசர் அடைத்துக் கொடுத்த காற்று. 12 லீற்றர் சிலிண்டரில் 200 மடங்கு அமுக்கத்தில் அடைத்தால் 2400 லீற்றர் காற்று. கொம்பிரசர் அதை எங்கிருந்து எடுக்கிறது? பக்கத்தில் நிற்கும் எஞ்சினின் புகைக்குழாய் எந்தப் பக்கம்?

எண்ணெய் சரியாக எரியாதபோது காபனோரொட்சைட்டு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு இதைப் பிடிக்கும். கிளர்வூட்டிய கரிக்கு இது பிடிபடாது. மங்கனீசு, செம்பு ஒட்சைட்டுகள் கலந்த ஹொப்கலைட் என்ற பொருள் இதைக் காபனீரொட்சைட்டாக மாற்றும், ஆனால் ஈரம் பட்டால் அதுவும் வேலையை நிறுத்திவிடும். தண்ணீருக்குள் போனால் நிலைமை இன்னும் மோசம். 20 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மூன்று மடங்கு, ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற நஞ்சும் மூன்று மடங்கு.

இந்த வாயுவின் கதையை உலகுக்குச் சொன்னவர் ஸ்கொட்லாந்தின் ஜோன் ஸ்கொட் ஹால்டேன். சுரங்க வெடிப்புகளில் இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது வெடி இல்லை, பின்னால் பரவிய காபனோரொட்சைட்டு என்று காட்டினார். அது உடம்பை என்ன செய்கிறது என்று அறியத் தானே அதைச் சுவாசித்து, தலை சுற்றச் சுற்றக் குறிப்பெழுதி 1895இல் வெளியிட்டார். (இதை யாரும் செய்து பார்க்கவேண்டாம்!) சுரங்கத்துக்குக் கனேரிக் குருவியைக் கொண்டுபோகச் சொன்னவரும் அவர்தான். குருவி மிக வேகமாகச் சுவாசிப்பதால் மனிதருக்கு முன்னால் அது மயங்கிவிடும். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986வரை குருவிகள் வேலை செய்தன. பிறகு மின்கருவிகள் அந்த இடத்துக்கு வந்தன. சுழியோடி எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று மேலே வரவேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டவர்களிலும் ஹால்டேன் ஒருவர். அதை ஆடுகளை வைத்துச் சோதித்தார். ஆட்டுக்கதை நீளமானது, வேறொரு நாள்.

கொம்பிரசரின் காற்றிழுக்கும் குழாயை உயரத்தில், காற்று வருகிற பக்கமாக, புகைக்கு எதிர்ப்புறம் வைக்கவேண்டும். ஆலங்குடாவில் இதில் ஒரு பொறி இருக்கிறது. நடுவருடத்தில் கச்சான் காற்று கடலிலிருந்து வீசும். வருடக் கடைசியில் வாடை அடிக்கும்போது திசை தலைகீழ். ஜூனில் சரியாகப் பூட்டிய குழாய், டிசம்பரில் அசையாமல் அதே இடத்தில் இருந்துகொண்டு புகையைக் குடிக்கும். பொலித்தீன் கீற்று ஒன்றைக் கம்பத்தில் கட்டிவிட்டால் போதும், காற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு தடவையும் தெரியும்.

வெங்காயத் தோட்டத்துக் கிணற்றிலும் இதே வாயுதான். தண்ணீர் எட்டவில்லை என்று பெற்றோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் வாயு அங்கேயே தேங்கும். உள்ளே இறங்கியவர் விழுந்தால், காப்பாற்ற இறங்குகிறவரும் அதே காற்றைத்தான் சுவாசிப்பார். N95 போட்டுக்கொண்டு இறங்கினாலும் ஒன்றுதான். காற்றில் இருக்கவேண்டிய ஒட்சிசன் 21 வீதம், மாஸ்க் வடிகட்டுமே தவிர ஒட்சிசனை உண்டாக்காது. பெரியவர் யாராவது இறங்கப் போனால் சாரத்தைப் பிடித்து இழுத்தாவது நிறுத்துங்கள். உடனே கூச்சல் போட்டு ஆட்களைக் கூட்டி, 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கொப்பி இன்னும் கையில் இருக்கிறதா? மேலே சொன்ன 2400 லீற்றர் சிலிண்டரைத் தரையில் வைத்து, நிமிடத்துக்கு 20 லீற்றர் வீதம் சுவாசித்தால் இரண்டு மணித்தியாலம் வரும். 20 மீற்றர் ஆழத்தில் மூன்று மடங்கு காற்று செலவாவதால் 40 நிமிடம். 30 மீற்றரில் எத்தனை நிமிடம்? விடை வந்ததும், மெதுவாக மேலே வருவதற்கென்று கால்வாசிக் காற்றை ஒதுக்கிவைத்துவிட்டு இன்னொரு தடவை கணக்கிட்டுப் பாருங்கள்.